நாற்பத்தோரு நாளுக்கான காரணம்

"நாப்பத்தோரு நாள் எங்க போயிருந்தீங்க?" என்று மனு எழுதிக் கொடுக்கும் மனுக்காரர் கேட்டார்.

மெத்தைக்காரருக்குக் கேள்வியே விளங்கவில்லை. அவர் எங்கேயும் போகவில்லை. மழை பிடித்துக்கொண்டு விடாத அந்த நாட்களில் தெருமுனை டீக்கடைக்குக்கூட அவர் போனது கிடையாது. டீ உள்ளேயிருந்தே வந்தது. அதையும் பஞ்சு விழாமல் ஒரு கையால் மூடிக்கொண்டுதான் குடித்தார்.

"வீட்லதான் இருந்தேன்" என்றார்.

"வீட்ல இருந்துக்கிட்டா அப்பீல் போடாம விட்டீங்க?"

மெத்தைக்காரர் தன் மனைவியைப் பார்த்தார். பதில் சொல்ல வேண்டிய இடம் வந்தால் மனைவியைப் பார்ப்பது அவருக்குப் பழக்கம். தெருவில் அவளுக்கு ஊசி என்று பெயர். மெத்தை உறை தைக்கிறவள் என்பதால் வந்த பெயர் என்று அவள் சொல்லிக்கொள்வாள். தெரு அப்படிச் சொல்லாது.

மேல்முறையீட்டு அலுவலகத்துக்கு எதிரே இருந்த ஜெராக்ஸ் கடையின் பின்பக்கம், இரண்டு மிஷினுக்கும் சுவருக்கும் நடுவில் கிடைத்த இடத்தில் மனுக்காரர் மேசை போட்டிருந்தார். மிஷின் ஓடும்போதெல்லாம் மேசை சூடாகும். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல் மறுபடி சொன்னார்.

"தீர்ப்பு வந்து முப்பது நாளைக்குள்ள அப்பீல் போட்ருக்கணும். இன்னைக்கு எழுபத்தோராவது நாள். லேட்டானதை மன்னிச்சு ஏத்துக்கங்கன்னு முதல்ல ஒரு மனு போடணும். அதை அவங்க ஒத்துக்கிட்டாத்தான் உங்க அப்பீலையே கையில தொடுவாங்க. அந்த மனுவுல ஒவ்வொரு நாளுக்கும் காரணம் வேணும். அம்மா, நீங்களாவது சொல்லுங்க."

"வீட்டுக்காரர் போக வேணாம்னு சொன்னாருங்க" என்றாள் ஊசி.

"எந்த வீட்டுக்காரர்? கேஸ் போட்டவரா?"

"அவரேதான்."

மனுக்காரர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

அது நடந்தது இப்படி. கீழ்த்தளத்தில் இரண்டு அறை, பின்பக்கம் தகரம் போட்ட ஒரு கொட்டகை. பதினோரு வருஷமாக அங்கேதான் அவர்கள் குடியிருந்தார்கள், அங்கேதான் தொழிலும். கொட்டகையில் பஞ்சு அடிக்கும் மிஷின், முன்னறையில் மெத்தை வேலை, உள்ளறையில் சமையலும் தூக்கமும் மகளும். வீட்டுக்காரர் மாடியில். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் அவர் ஒரு லாட்ஜ் கட்ட ஆரம்பித்தபோது வாசலில் வந்து நின்று, "மெத்தைக்காரரே, கைக்குள்ள ஆளை வச்சுக்கிட்டு நான் ஏன் வெளியில ஆர்டர் குடுக்கணும்? நீங்க செய்ங்க. வாடகையில கழிச்சுக்கலாம்" என்றார். மெத்தைக்காரருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பதினான்கு மாதம் வாடகையும் போகவில்லை, கூலியும் வரவில்லை. நாற்பது மெத்தை போயிற்று. இதெல்லாம் ஒரு துண்டுச் சீட்டில்கூட ஏறவில்லை.

பிறகு வாடகை பாக்கி என்று ஒரு கேஸ் காகிதம் வந்தது. பதறிக்கொண்டு மாடிக்கு ஓடியபோது வீட்டுக்காரர் சிரித்தார். "அது எங்க அண்ணன் தம்பிக்குள்ள சொத்துத் தகராறு. கணக்குக் காட்டறதுக்காகப் போட்டது. நீங்க அங்கெல்லாம் போய் அலையாதீங்க" என்றார். அவர்கள் அலையவில்லை. அவர்கள் இல்லாமலே தீர்ப்பாகித் தபாலில் வந்தது. பதினான்கு மாத வாடகையையும் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் சாமான்கள் ஜப்தியாகும், வீட்டையும் காலி செய்ய வேண்டும். மறுபடி மாடி. "அட, அதுக்கென்ன இப்போ? லாட்ஜுல மேல் மாடிக்கு இன்னும் இருபத்துநாலு மெத்தை வேணும். அதை முடிச்சுக் குடுங்க, நானே போய் வாபஸ் வாங்கிடறேன்."

அதை எப்படி நம்பினார்கள் என்று இப்போது ஆளாளுக்குக் கேட்கிறார்கள். கேட்பது சுலபம். பதினோரு வருஷம் தினமும் வாசலைத் தாண்டும்போது "சாப்டாச்சா?" என்று நின்று கேட்டுவிட்டுப் போகிற மனுஷனை எப்படி நம்பாமல் இருப்பது என்று ஒருவரும் சொல்லித்தருவதில்லை. அவரை அவர்கள் அண்ணே என்றுதான் கூப்பிட்டார்கள்.

அந்த இருபத்துநான்கு மெத்தையும் லேசில் முடிகிற வேலையாக இல்லை. மழைக்காலத்தில் பஞ்சு பேச்சைக் கேட்காது. ஈரத்தை இழுத்துக்கொண்டு கட்டி கட்டியாக நிற்கும். மிஷினில் ஒரு தடவை அடித்தால் போதுமென்கிற பஞ்சை மூன்று தடவை அடிக்க வேண்டியிருந்தது. அடித்ததை உள்ளறையில் பரப்பி மேசை விசிறியைப் போட்டால் வீடு முழுக்கப் பஞ்சு பறக்கும். சோற்றில் பஞ்சு, தலையில் பஞ்சு, பல் தேய்க்கிற பிரஷில் பஞ்சு. மகள் வேலைக்குப் போகுமுன் கண்ணாடி முன்னால் நின்று புருவத்திலிருந்து பஞ்சைக் கிள்ளி எடுப்பாள். ஒரு டாக்டரின் கிளினிக்கில் டோக்கன் கொடுக்கிற வேலை அவளுக்கு.

மெத்தைக்காரர் வேலை செய்வதைப் பார்க்கிறவர்களுக்குக் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருக்கும். அவ்வளவு நிதானம். உறைக்குள் பஞ்சைத் திணிக்க மாட்டார். ஒவ்வொரு அடுக்காகக் கையால் பரப்பிக்கொண்டே வருவார். ஓரங்களுக்கு ஒரு பிடி கூடுதல். மனிதர்கள் மெத்தையின் நடுவில் படுக்கிறார்கள், ஆனால் ஓரத்தில்தான் உட்காருகிறார்கள், ஓரம்தான் முதலில் சாகும் என்பது அவர் கட்சி. பிறகு ஒரு முழ நீள ஊசியில் சணல் நூலைக் கோத்து, மேலிருந்து கீழே குத்தி, கீழிருந்து மேலே வாங்கி, உள்ளங்கையில் துணியைச் சுற்றிக்கொண்டு இழுப்பார். ஓரத்துக்கு மட்டும் இரட்டைத் தையல். அந்த முடிச்சு வெளியே தெரியாது. மெத்தை ஏமாற்றுவதற்குத் தோதான தொழில். உள்ளே பழைய துணியை வைத்தாலும் குப்பையை வைத்தாலும் பிரித்துப் பார்க்கிற வரைக்கும் ஒருத்தருக்கும் தெரியாது. அப்படிப்பட்ட தொழிலில் இருந்துகொண்டு இந்த மனுஷன் இருபத்தாறு வருஷமாக ஒருத்தரையும் ஏமாற்றவில்லை. கெட்டிக்காரத்தனம் இல்லை என்று அவர் மனைவியே சொல்வாள்.

நாற்பத்தாறு நாள் வேலை. கடைசி மெத்தை லாட்ஜுக்குப் போன மூன்றாம் நாள், சாமான்களை எடுக்க வருவதாக வாசற்கதவில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. வீட்டுக்காரர் மாடியில் இல்லை. போனையும் எடுக்கவில்லை.

மனுக்காரர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். நல்ல மனுஷன்தான். அவர் கெட்டவராக இருந்திருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும்.

"அவர் சொன்னதுக்குச் சாட்சி யாரு?"

"எங்க வாசல்ல நின்னு சொன்னாருங்க" என்றாள் ஊசி.

"வாசல் வந்து சாட்சி சொல்லுமாம்மா?"

"எங்க பொண்ணு கேட்டா."

"பொண்ணு உங்க பொண்ணு. செல்லாது. அவர் ஒரே வார்த்தையில நான் அப்படிச் சொல்லவே இல்லைம்பாரு. வாய்ச்சொல்லை எழுதினா உள்ள சிரிப்பாங்க. உடம்பு சரியில்லைன்னு எழுதினா யாரும் சிரிக்க மாட்டாங்க. இந்த மேசையில நான் எழுதின லேட்டு மனு நூறுன்னா தொண்ணூறு உடம்புதான். ஐயாவைப் பாருங்க, முதுகே கொஞ்சம் வளைஞ்சுதான் இருக்கு. இடுப்பு எலும்பு விலகிருச்சு, அம்பது நாள் படுத்த படுக்கைன்னு போட்ருவோம். ஒரு டாக்டர் சர்டிபிகேட் மட்டும் கொண்டாங்க."

"நான் படுக்கலையே" என்றார் மெத்தைக்காரர்.

"தெரியுது."

"நாப்பத்தாறு நாள் முட்டி தேய வேலை செஞ்சிருக்கேன். செய்யாத வேலையைச் செஞ்சேன்னு சொல்றவனைப் பார்த்திருக்கேன். செஞ்ச வேலையைச் செய்யலைன்னு சொல்ற மடையன் உலகத்துல நான் ஒருத்தனாத்தான் இருப்பேன்."

"மடையனா இருந்தாலும் வீட்டோட இருக்கலாமில்ல?" என்றாள் ஊசி.

மனு எழுதி முடிந்ததும் அவர் கையெழுத்துப் போட்டார்.

சர்டிபிகேட்டுக்காக மகள் அந்த டாக்டரிடம் இரண்டு நாள் நின்றாள். மூன்றாம் நாள் கிளினிக் சாத்துகிற நேரத்தில் அவர் அவள் முகத்தைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அவள் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து அம்மாவிடம் நீட்டினாள்.

"அம்மா, இனிமே அவர் கிட்ட நான் லீவு கேக்க முடியாது. சம்பளம் கேக்க முடியாது. தெரியுதா?"

"தெரியுதுடி. வீடு இருந்தாத்தானே வேலைக்குக் கிளம்பிப் போவே."

"அப்பா உளறிட்டா?"

"அப்பாவை நான் பார்த்துக்கறேன்."

விசாரணைக்கு மூன்று வாரம் இருந்தது. அது வரைக்கும் ஜப்தியை நிறுத்தி வைத்திருந்தார்கள். அந்த மூன்று வாரமும் ஊசிக்கு இன்னொரு வேலை வந்து சேர்ந்தது. மத்தியானம் தட்டைப் போட்டு உட்காரவைத்ததும் ஆரம்பித்துவிடுவாள்.

"உங்களுக்கு என்ன உடம்புக்கு?"

"இடுப்பு."

"இடுப்புல என்ன?"

"எலும்பு... நகர்ந்துருச்சு."

"நகர்ந்துருச்சா? அதென்ன பஸ்ஸா? விலகிருச்சுன்னு சொல்லுங்க. எந்தப் பக்கம்?"

"இடது."

"நேத்து வலதுன்னீங்க!"

"நேத்து உக்காந்திருந்தது அந்தப் பக்கம். முட்டையை இங்க வை."

"முட்டை எங்கயும் போகாது. எந்தப் பக்கம்?"

"நீயே சொல்லிடேன் ஒரு பக்கம். ரெண்டு பக்கமும் எனக்கு ஒண்ணுதான்."

மகள் சிரித்துவிட்டாள். ஊசியும் சிரித்தாள். வெகுநாளைக்கு அப்புறம் அந்த வீட்டில் கேட்ட சிரிப்பு அது. பிறகு ஊசி முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இடது. இடது. மனசுல எழுதிக்கங்க" என்றாள். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இடது, இடது என்று சொல்லிப் பார்த்தார்.

நடப்பதும் சொல்லித்தரவேண்டியிருந்தது. முன்னறையில் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு குனிந்து நடக்கச் சொன்னாள். நன்றாகத்தான் நடந்தார். நடுவில் தரையில் கிடந்த ஒரு நூலைப் பார்த்ததும் படக்கென்று குனிந்து எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். ஊசி தலையில் அடித்துக்கொண்டாள்.

அலுவலகத்தின் மூன்றாம் மாடியில் விசாரணை அறை. லிப்ட் இருந்தது, வேலை செய்யவில்லை. இடுப்பு விலகிய மனிதரை மூன்று மாடி படியேற்றிக் கொண்டுபோனாள் ஊசி. ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்கச் சொன்னாள். அவருக்கு மூச்சு வாங்கவில்லை. அவளுக்குத்தான் வாங்கியது.

பெஞ்சில் இவர்களைப் போலவே முன்கூட்டி வந்தவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் காகிதங்களை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தியின் கையில் எக்ஸ்ரே கவர், இன்னொருவர் கழுத்தில் பட்டை. உடம்பு சரியாக இருக்கிற ஆளே அங்கே இல்லை. மனுக்காரர் எழுதிய கூட்டம் என்று ஊசி நினைத்துக்கொண்டாள்.

வீட்டுக்காரர் எதிர்ப் பெஞ்சில் இருந்தார். இவர்களைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் லேசாகத் தலையசைத்தார். மெத்தைக்காரரும் பழக்கதோஷத்தில் எழுந்து நிற்கப் போனார். ஊசி அவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

அதிகாரிக்கு ஜலதோஷம். கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்காமலே மனுவைப் புரட்டினார். "அம்பது நாள் படுக்கை. சர்டிபிகேட் இருக்கு. எதிர்த்தரப்புல ஏதாவது கேக்கணுமா?"

வீட்டுக்காரரின் வக்கீல் ஒரு பெண். முப்பது வயது இருக்கும். குரல் அவ்வளவு மெதுவாக இருந்தது. பிள்ளையைத் தூங்கப்போடுகிற குரல். அவள் எழுந்ததும் ஊசிக்குக் கொஞ்சம் தைரியம்கூட வந்தது.

"ஐயா, இப்போ இடுப்பு எப்படி இருக்கு?"

"பரவால்லம்மா."

"உக்காந்தே பேசுங்க. எந்தப் பக்கம் வலி?"

"இடது" என்றார் மெத்தைக்காரர், உடனே. ஊசி மூச்சுவிட்டாள்.

"அந்த அம்பது நாளும் எழுந்து வேலை ஏதும் செய்யலை?"

"இல்லம்மா."

"பாவம். அப்போ குடும்பம் கஷ்டப்பட்டுத்தான் இருக்கும். அதனாலதான் உங்க வீட்டம்மா எங்க கட்சிக்காரருக்கு இருபத்துநாலு மெத்தை வித்தாங்க போலிருக்கு. காசு குடுத்துத்தான் வாங்கியிருக்கார். அது நீங்க செஞ்சதில்லை, அப்படித்தானே?"

காசு கொடுத்தாராம். மெத்தைக்காரர் ஊசியைத் திரும்பிப் பார்த்தார். இதை அவர்கள் ஒத்திகை பார்க்கவில்லை. அவள் கண்ணாலேயே இல்லையென்று சொல் என்றாள்.

"நான்... செய்யலைம்மா."

காசு கொடுத்ததாகச் சொன்ன பொய்யை அவர் விழுங்கிவிட்டார். பதினான்கு மாத உழைப்பையும் நாற்பத்தாறு நாள் உழைப்பையும் யாரோ வாரிக்கொண்டு போவதை அந்த மனுஷன் தலையைக் குனிந்துகொண்டு பார்த்திருந்தார். அதோடு அந்த வக்கீலம்மா உட்கார்ந்திருந்தால் அன்றைக்கு அவர்கள் ஜெயித்திருப்பார்கள்.

"நானும் அதான் நினைச்சேன்" என்றாள் அவள். "யாரோ கத்துக்குட்டியை வச்சுச் செஞ்சிருக்காங்க. இன்னும் ரெண்டு மாசம்கூட ஆகலை, அதுக்குள்ள ஓரமெல்லாம் பிரிஞ்சிருச்சாம். பஞ்சு ஒரு பக்கமா ஒதுங்கிக் கிடக்குதாம். லாட்ஜுக்கு வர்றவங்க சண்டை போடறாங்களாம். நீங்க செஞ்சிருந்தா இப்படி ஆகியிருக்காது இல்லைங்களா?"

மெத்தைக்காரரின் காது சிவந்ததை ஊசி பார்த்தாள். கல்யாணமான இருபத்திரண்டு வருஷத்தில் அந்தக் காது சிவந்து அவள் பார்த்தது மூன்று தடவையோ நான்கு தடவையோதான்.

"ஓரம் பிரியாது" என்றார்.

"என்னங்க?"

"ஓரம் பிரியாதும்மா. நடுவுல கிழிஞ்சுதுன்னு சொல்லுங்க, எவனாவது பிளேடைப் போட்டிருப்பான். ஓரம் பிரிஞ்சுதுன்னு மட்டும் சொல்லாதீங்க."

ஊசி அவர் தொடையைக் கிள்ளினாள். அவருக்கு அது தெரிந்ததாகவே தோன்றவில்லை. பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டார்.

"ரெட்டைத் தையல்மா அது. இப்படி மேலேர்ந்து குத்தி, கீழ வாங்கி, அதே ஓட்டை வழியா வராம, ஒரு விரக்கடை தள்ளி மேல வந்து, இப்படி இழுத்து, முடிச்சை உள்ள தள்ளணும். பஞ்சை மூணு தடவை அடிச்சேன் மழைக்காக. மூணு தடவை! ஒரு பக்கம் ஒதுங்குதா? எந்த ரூம்ல? வாங்க போவோம், இப்பவே பிரிச்சுக் காட்டறேன். இருபத்தாறு வருஷத்துல ஒரு மெத்தை என்கிட்டத் திரும்பி வந்ததில்லை."

இரண்டு கையையும் ஆகாயத்தில் தூக்கி, இல்லாத ஊசியைக் குத்தி, இல்லாத நூலைத் தோளுக்குமேல் இழுத்துக் காட்டிக்கொண்டிருந்தார். முதுகு நிமிர்ந்து சுவர் மாதிரி நின்றது. அவ்வளவு உயரமான மனிதர் என்று ஊசிக்கே மறந்துபோயிருந்தது. அவரைப் பிடித்து உட்காரவைக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அவரைப் பார்த்து அவளுக்குப் பெருமையாக இருந்தது. அந்த நொடிக்காக அவள் தன்னை இன்றுவரை மன்னிக்கவில்லை.

வக்கீலம்மா எப்போது உட்கார்ந்தாள் என்று யாரும் கவனிக்கவில்லை. அதிகாரி கைக்குட்டையைக் கீழே வைத்தார்.

"அந்த மெத்தையை நீங்கதான் செஞ்சீங்களா?"

கை ஆகாயத்திலேயே நின்றது. மெதுவாக இறங்கியது.

"எத்தனை நாள் வேலை?"

இனிமேல் பொய் சொல்லி என்ன? "நாப்பத்தாறு நாள் சார்" என்றார். "ஒரு நாள்கூட விடலை."

"எவ்வளவு வாங்கினீங்க?"

"ஒண்ணும் வாங்கலை சார். வாடகையில கழிக்கறேன்னாரு. இதை முடிச்சுக் குடுத்தா தீர்ப்பையே வாபஸ் வாங்கறேன்னாரு. அதை நம்பித்தான்..."

"நான் அப்படிச் சொல்லவே இல்லைங்க" என்றார் வீட்டுக்காரர், எழுந்து நின்று, மரியாதையாக.

"உங்களைக் கேக்கலை. உக்காருங்க." அதிகாரி மனுவை மறுபடி எடுத்தார். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை பார்த்துவிட்டு, "இதுல இது எதுவுமே இல்லையே" என்றார்.

அதிகாரி மனுவை மூடி வைத்தார்.

"வாபஸ் வாங்கறேன்னு சொல்லி இவரை வேலை வாங்கினார்னு எழுதியிருந்தீங்கன்னா, அது காரணம். நல்ல காரணம். மெத்தை லாட்ஜுல இருக்கு, காசு குடுத்ததுக்கு ரசீதைக் காட்டுன்னு அவர்கிட்ட நான் கேட்டிருப்பேன். அப்பீலை எடுத்திருப்பேன். இப்போ நான் என்ன பண்றது? படுக்கையில இருந்தேன்னு சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போட்ருக்கீங்க. படுக்கலைன்னு இங்க நின்னு சொல்றீங்க. எதை நம்பறது?"

"ரெண்டாவதை நம்புங்க சார்" என்றாள் ஊசி. அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. "முதல்லது நான் சொல்லிக் குடுத்தது. அவருக்குப் பொய் சொல்லவே வராது சார். பார்த்தீங்கல்ல."

"பார்த்தேன்மா." அவர் தும்மினார். "அந்த டாக்டரைக் கூப்பிட்டுக் கேட்டா அவர் பாடும் திண்டாட்டம், வாங்கிட்டு வந்தவங்க பாடும் திண்டாட்டம். அது வரைக்கும் நான் போகலை. என்னால முடிஞ்சது அவ்வளவுதான். மனு தள்ளுபடி. பத்து நாள்ல வீட்டைக் காலி பண்ணுங்க. அடுத்தது யாரு?"

கழுத்தில் பட்டை போட்டவர் எழுந்து வந்தார்.

வெளியே தாழ்வாரத்தில் வக்கீலம்மா தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். ஊசி நேராக அவளிடம் போனாள். கத்தப் போகிறாள் என்று மெத்தைக்காரர் பயந்தார். அவள் கத்தவில்லை.

"ஏம்மா, நிசமாவே ஓரம் பிரிஞ்சுதா?"

வக்கீலம்மா பாட்டிலை மூடினாள். "எனக்குத் தெரியாதும்மா. அந்த லாட்ஜை நான் பார்த்ததே இல்லை" என்றாள். சொல்லிவிட்டு, ஏதோ இன்னொன்று சொல்ல நினைத்தவள்போல நின்று, பிறகு போய்விட்டாள்.

படியிறங்கும்போது மெத்தைக்காரர் முன்னால் போனார். குனியவில்லை, இடுப்பில் கைவைக்கவில்லை. இரண்டாம் மாடித் திருப்பத்தில் ஊசிக்கு ஆத்திரம் வந்துவிட்டது.

"காசு குடுத்தான்னு அந்த வக்கீல் சொன்னாளே, அப்போ ஏன் வாயைத் திறக்கலை? அப்போ வராத ரோஷம் ஓரத்துக்கு வந்துதா?"

"நீதானே பேசாதேன்னு சொன்னே."

"ஓரத்துக்கும்தான் சொன்னேன்! தொடையில ரத்தமே கட்டியிருக்கும்."

"தெரியலை" என்றார் அவர். நின்று, தொடையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "அம்பது நாள் படுக்கையில கிடந்தேன்னு சொல்லச் சொன்னே, சொன்னேன். இடதுன்னே, இடதுன்னேன். ஆனா அந்த மெத்தையைச் செஞ்சது கத்துக்குட்டின்னு... நாளைக்கு எவன் எனக்கு வேலை குடுப்பான்? வீடு போனா வேற வீடு பார்க்கலாம்."

"எந்த வீடு? மிஷினை வச்சுக்கிட்டு, தூசியைக் கிளப்பிக்கிட்டு, எவன் நமக்கு வீடு தருவான்? அந்த மிஷினையும்தான் எடுத்துட்டுப் போகப்போறான். பொண்ணு எந்த மூஞ்சியோட கிளினிக்குக்குப் போவா?" அவள் அழ ஆரம்பித்தாள். படியிலேயே உட்கார்ந்து அழுதாள். மேலேயும் கீழேயும் போகிறவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அந்தக் கட்டடத்தில் அது தினமும் நடக்கிற காரியம்.

வாசலில் மழை பிடித்திருந்தது. வீட்டுக்காரர் அங்கே குடையோடு நின்றுகொண்டிருந்தார். இவர்களுக்காகத்தான் நின்றிருக்கிறார். முகத்தில் வெற்றியும் இல்லை, வெட்கமும் இல்லை. தினமும் வாசலைத் தாண்டும்போது இருக்கிற அதே முகம்.

"ஏன் மெத்தைக்காரரே, இதுக்குப் போய் இப்படி அலையறீங்க? ஒரு வார்த்தை என்கிட்ட வந்து கேட்டிருக்கலாமில்ல?"

மெத்தைக்காரர் குடையிலிருந்து சொட்டுகிற தண்ணீரைப் பார்த்தார்.

"போன் பண்ணோம். நீங்க எடுக்கலை" என்றாள் ஊசி.

"ஊர்ல இல்லைம்மா." வீட்டுக்காரர் அவளைப் பார்க்காமல் மெத்தைக்காரரையே பார்த்தார். "வக்கீலம்மா ஏதோ சொன்னாங்கன்னு மனசுல வச்சுக்காதீங்க. அது அவங்க தொழில். உங்க வேலை எனக்குத் தெரியாதா? மெத்தையெல்லாம் கல்லு மாதிரி இருக்கு. ஒரு நூல் விலகலை."

மெத்தைக்காரரின் முகம் தெளிந்ததை ஊசி பார்த்தாள். அவள் வாழ்க்கையில் அதைவிடக் கேவலமான ஒன்றைப் பார்த்ததில்லை. பத்து நாளில் தெருவுக்கு வரப்போகிற மனுஷன், தன்னைத் தெருவுக்குக் கொண்டுவந்தவன் ஒரு நல்ல வார்த்தை சொன்னதும் தெளிந்துவிட்டார்.

"பத்து நாள்லன்னு அவங்க சொல்லுவாங்க. நான் சொல்லலை" என்றார் வீட்டுக்காரர். "பின்பக்கம் இன்னொரு கட்டடம் எழுப்பறேன். பதினெட்டு ரூம். செஞ்சு குடுங்க. அது வரைக்கும் வீட்ல இருங்க. மிஷினும் அங்கயே கிடக்கட்டும். நல்ல வேலைக்காரனை எவனாவது விடுவானா? தீர்ப்பு என் கையில கிடந்துட்டுப் போகுது, நான் அதை ஒண்ணும் பண்ணப் போறதில்லை."

"இதை எழுதிக் குடுப்பீங்களா?" என்றாள் ஊசி.

வீட்டுக்காரர் முதல்முறையாக அவளைத் திரும்பிப் பார்த்தார். கோபப்படவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை.

"எழுதினா மட்டும் என்னம்மா? நீங்களும்தான் உள்ள எழுதிக் குடுத்தீங்க."

ஊசிக்கு வாய் வரவில்லை. தெருவே பயப்படுகிற வாய் அது. அவள் தன் கையிலிருந்த காகிதக் கட்டைப் பார்த்தாள், மழையைப் பார்த்தாள், கடைசியில் புருஷனைப் பார்த்தாள். பதில் சொல்ல வேண்டிய இடத்தில் அவள் அவரைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அண்ணே, அந்த ரூமெல்லாம் கட்டில் எத்தனை அடி?" என்று கேட்டார்.